பிரேசிலையே வெளியேற்றிய ஜமைக்கா பெண்கள் அணி... உலகக் கோப்பைக்குப் போக உண்டியல் குலுக்கியது ஏன்?

2023 ஆகஸ்ட் 2, மெல்போர்ன். பெண்கள் உலகக் கோப்பை கால்பந்தின் கடைசி லீக் ஆட்டம். அடுத்த சுற்றுக்குப் போக பிரேசிலுக்கு வெற்றி கட்டாயம் தேவை. எதிரணியான ஜமைக்காவுக்கு டிரா போதும். 90 நிமிடமும் முட்டி மோதியும் பிரேசிலால் ஒரு கோல்கூட போட முடியவில்லை. 0-0. அவ்வளவுதான், பிரேசில் அவுட்! 1995-க்குப் பிறகு அந்த அணி லீக் சுற்றோடு வீடு திரும்பியது அதுவே முதல் முறை. ஜாம்பவான் மார்ட்டாவின் அந்த உலகக் கோப்பையும் அங்கேயே முடிந்தது.

ஜமைக்காவின் மக்கள் தொகை சுமார் 28 லட்சம். கரீபியக் கடலில் உள்ள குட்டித் தீவு. தரவரிசையில் 43-வது இடத்தில் இருந்த அணி, பிரான்ஸையும் பிரேசிலையும் கோல் அடிக்க விடாமல் தடுத்து, நாக் அவுட் சுற்றுக்குள் நுழைந்தது. பெண்கள் உலகக் கோப்பையில் எந்தக் கரீபிய நாடும் அதுவரை செய்யாத சாதனை.

ஆனால், அந்த ஆட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புவரை இதே அணிக்காக இணையத்தில் நன்கொடை கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாட்டின் தேசிய அணிக்கு ஏன் இந்த நிலைமை?

தரவரிசையிலேயே இல்லாத அணி

ஜமைக்கா ஆண்கள் அணியின் செல்லப் பெயர் ‘ரெகே பாய்ஸ்’. 1998 உலகக் கோப்பையில் ஆடிய அணி அது. அந்தப் பெயரை ஒட்டி பெண்கள் அணிக்கு வந்த பெயர் ‘ரெகே கேர்ள்ஸ்’. பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் கவனிப்பு ஒரே மாதிரி இல்லை.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கையில் காசில்லை என்று பெண்கள் அணிக்கான செலவை ஜமைக்கா கால்பந்து கூட்டமைப்பு நிறுத்தியது. நிதி இல்லையென்றால் பயிற்சி முகாம் இல்லை, ஆட்டமும் இல்லை. நீண்ட காலம் ஆடாத அணியின் பெயரை ஃபிஃபா தரவரிசையிலிருந்து எடுத்துவிடும். ஜமைக்காவுக்கும் அதுதான் நடந்தது.

2014-ல் ஒரு திருப்பம். பாப் மார்லியின் மகள் செடெல்லா மார்லியின் மகன், பள்ளியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பெண்கள் கால்பந்து அணிக்கு நன்கொடை கேட்கும் சீட்டு அது. நாட்டுக்கு அப்படி ஓர் அணி இருப்பதே செடெல்லாவுக்கு அப்போதுதான் தெரியும். அவர் அணியின் தூதர் ஆனார். சகோதரர்கள் ஸ்டீபன், டேமியன் ஆகியோருடன் சேர்ந்து ‘ஸ்ட்ரைக் ஹார்டு’ என்ற பாடலை வெளியிட்டு நிதி திரட்டினார். இணையத்திலும் பொதுமக்களிடம் பணம் கேட்டார். அணி மறுபடி களத்துக்கு வந்தது.

2015 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற முடியவில்லை. அடுத்து ஒலிம்பிக் வாய்ப்பும் நழுவியது. 2016-ல் அணி மீண்டும் முடங்கியது.

டெக்ஸாஸில் வந்த திருப்பம்

2018-ல் மறுபடி தூசி தட்டி எழுப்பப்பட்ட அணிக்கு ஹியூ மென்சீஸ் பயிற்சியாளர். சம்பளம் இல்லாமலேயே அந்த வேலையைப் பார்த்தார். அந்த அக்டோபரில் அமெரிக்காவில் நடந்த தகுதிச் சுற்றில் கோஸ்டா ரிகாவை 1-0 என வென்ற ஜமைக்கா, அரையிறுதியில் அமெரிக்காவிடம் 6-0 என உதை வாங்கியது. மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆட்டம், ஒரே ஓர் இடம்.

டெக்ஸாஸ் மாநிலம் ஃப்ரிஸ்கோவில் அக்டோபர் 17 அன்று பனாமாவுடன் மோதல். கூடுதல் நேரம் முடிந்தும் 2-2. பெனால்டி ஷூட் அவுட்டுக்காகவே மாற்று கோல்கீப்பராக இறக்கப்பட்ட நிக்கோல் மெக்லூர் இரண்டு உதைகளைத் தடுத்தார். 4-2. பெண்கள் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற முதல் கரீபிய நாடு ஆனது ஜமைக்கா.

2019-ல் பிரான்ஸில் நடந்த அந்தத் தொடரில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. பிரேசிலிடம் 3-0, இத்தாலியிடம் 5-0, ஆஸ்திரேலியாவிடம் 4-1. ஹவானா சொலான் அடித்த ஒரு கோல் மட்டும் மிச்சம். நாடு திரும்பிய சில மாதங்களில், பேசிய பணம் வரவில்லை, வரும்வரை ஆட மாட்டோம் என்று வீராங்கனைகள் அறிவித்தார்கள்.

அந்த ஜூன் மாதக் கடிதம்

2022-ல் மெக்சிகோவை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 என வீழ்த்தி, இரண்டாவது முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி. இந்த முறை நிலைமை மாறியிருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்?

தொடருக்கு ஒரு மாதம்தான் இருந்தது. 2023 ஜூன் நடுவில் வீராங்கனைகள் சமூக வலைதளங்களில் ஒரு பொதுக் கடிதத்தை வெளியிட்டார்கள். போக்குவரத்து, தங்குமிடம், பயிற்சி வசதி, சாப்பாடு, ஊதியம், தகவல் தொடர்பு என எல்லாவற்றிலும் குறை இருப்பதாகச் சொன்னார்கள். ஏற்பாடுகள் குளறுபடியானதால் நட்பு ஆட்டங்களே கைநழுவிப் போயின என்றார்கள். எல்லாம் சரியாக நடக்கவில்லை என்பதைக் கூட்டமைப்பும் ஒப்புக்கொண்டது. சரிசெய்து வருவதாகச் சொன்னது.

இதற்கிடையில் சொலானின் தாயார் ‘கோஃபண்ட்மீ’ தளத்தில் நிதி திரட்டத் தொடங்கினார். அணிக்கு ஆதரவான அறக்கட்டளையும் தனியாக வசூலில் இறங்கியது. இப்படித்தான் ஜமைக்கா ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது.

அங்கே நடந்தது நம்ப முடியாத கதை. முதல் ஆட்டத்தில் பிரான்ஸுடன் 0-0. கடைசி நேரத்தில் நட்சத்திர வீராங்கனை கதீஜா ஷாவுக்கு சிவப்பு அட்டை. அவர் இல்லாமலே அடுத்த ஆட்டத்தில் பனாமாவுக்கு எதிராக அலிசன் ஸ்வாபி தலையால் முட்டிய பந்து கோலானது. 1-0. உலகக் கோப்பையில் ஜமைக்கா பெண்களின் முதல் வெற்றி. பிறகு பிரேசில். நாக் அவுட்டில் கொலம்பியாவிடம் 1-0 எனத் தோற்று வெளியேறியது. நான்கு ஆட்டங்களில் அடித்தது ஒரு கோல், வாங்கியதும் ஒரே ஒரு கோல்!

பணம் எங்கே சிக்குகிறது?

இதைப் புரிந்துகொள்ள மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, நேரம். உலகக் கோப்பைப் பரிசுத் தொகை ஆட்டம் முடிந்த பிறகு வருகிறது. செலவு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஜமைக்கா வீராங்கனைகள் இங்கிலாந்து, அமெரிக்கா எனப் பல நாடுகளில் சிதறி இருப்பவர்கள். ஒரு வாரப் பயிற்சி முகாம் என்றாலே இருபதுக்கும் மேற்பட்ட விமான டிக்கெட், ஹோட்டல், மைதான வாடகை. பெரிய நாடுகளுக்கு இதை ஸ்பான்சர் பணம் தாங்கும். சின்னத் தீவின் சந்தையும் சின்னது. இருக்கும் ஸ்பான்சர்களின் கண்ணும் பெரும்பாலும் ஆண்கள் அணி மீதுதான். பட்ஜெட்டில் துண்டு விழும்போது கத்தரிக்கோல் முதலில் பெண்கள் அணிப் பக்கம் திரும்புகிறது.

இரண்டாவது, பணம் வரும் பாதை. 2023-ல் முதல் முறையாக ஒவ்வொரு வீராங்கனைக்கும் இவ்வளவு என ஃபிஃபா தொகையை நிர்ணயித்தது. லீக் சுற்றோடு வெளியேறினால் ஆளுக்கு 30,000 டாலர், ஜமைக்காவைப் போல நாக் அவுட்டுக்குப் போனால் 60,000 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 50 லட்சம் ரூபாய். பெண் வீராங்கனைகளின் சராசரி ஆண்டு ஊதியம் சுமார் 14,000 டாலர்தான் என்பது ஃபிஃபாவே சொன்ன கணக்கு. அப்படியென்றால் இது நான்கு வருடச் சம்பளத்துக்கும் மேல். ஆனால் பணம் நேரடியாக வீராங்கனையின் கணக்குக்குப் போகாது, அந்தந்த நாட்டுக் கூட்டமைப்பு வழியாகத்தான் போகும் என்று தொடர் தொடங்கும் முன்பே ஃபிஃபா தலைவர் ஜியானி இன்ஃபான்டினோ தெளிவுபடுத்திவிட்டார்.

மூன்றாவது, வீராங்கனைகளை உருவாக்குவது யார்? கதீஜா ஷா, ஜமைக்காவின் ஸ்பானிஷ் டவுன் நகரத்துப் பெண். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் ஆடி, பிரான்ஸின் போர்டோ கிளப் வழியாக மான்செஸ்டர் சிட்டிக்குப் போனவர். ஜமைக்காவுக்காக ஆண், பெண் இரு பாலரிலும் அதிக கோல் அடித்தவர் அவர்தான். பனாமாவுக்கு எதிராக கோல் போட்ட ஸ்வாபி பிறந்து வளர்ந்தது அமெரிக்காவில். அணியில் பலரின் கதையும் இதுபோலத்தான். அமெரிக்கக் கல்லூரிகளும் ஐரோப்பிய கிளப்களும் செலவு செய்து வளர்த்த திறமை, ஜமைக்காவின் மஞ்சள் சட்டையில் களமிறங்குகிறது. வெளிநாட்டு வாய்ப்பு கிடைக்காத உள்ளூர்ப் பெண்ணுக்கு இந்த ஏணி கிடையாது.

இது மூன்றும் சேர்ந்து ஒரு சுழல் ஆகிறது. பணமில்லை, அதனால் ஆட்டமில்லை. ஆட்டமில்லாததால் அனுபவமும் இல்லை, தகுதியும் இல்லை. தகுதி பெறாததால் பணமும் இல்லை.

ஜமைக்கா மட்டுமா?

இல்லை. அதே 2023-ல் கனடா வீராங்கனைகள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். தென்னாப்பிரிக்க வீராங்கனைகள் உலகக் கோப்பைக்கு முந்தைய நட்பு ஆட்டத்தைப் புறக்கணித்தார்கள். நைஜீரியாவிலும் பணத் தகராறு. ஆனால் கனடா போன்ற நாட்டில் அணி இருக்குமா என்ற கேள்வி எழாது. ஜமைக்காவில் அந்தக் கேள்வியே இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் ‘இருக்காது’ என்று பதில் வந்திருக்கிறது.

சாதனைக்குப் பிறகு என்ன ஆனது?

இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகாவது கதை மாறியதா? உலகக் கோப்பை முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பேசிய பணம் முழுமையாக, உரிய நேரத்தில் வரவில்லை என்று சொல்லி, 2023 அக்டோபரில் முன்னணி வீராங்கனைகள் தகுதிச் சுற்று ஆட்டங்களைப் புறக்கணித்தார்கள். மாற்று அணி களமிறங்கியது. விளைவு, 2024-ல் நடந்த முதல் கான்ககாஃப் பெண்கள் தங்கக் கோப்பையில் ஜமைக்கா இல்லை. அதற்கு முன்பே, செப்டம்பரில் கனடாவிடம் இரு ஆட்டங்களிலும் தோற்று பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பும் போயிருந்தது. பிரேசிலை வழியனுப்பி வைத்த அணி, அடுத்த ஆண்டின் இரண்டு பெரிய தொடர்களையும் வீட்டிலிருந்தே பார்த்தது.

அடுத்த பெண்கள் உலகக் கோப்பை 2027-ல், அதே பிரேசிலில். அங்கே போகத் தேவையான திறமை தன்னிடம் இருக்கிறது என்பதை ஜமைக்கா ஏற்கெனவே காட்டிவிட்டது. ஜூன் மாதக் கடிதத்தில் வீராங்கனைகள் கேட்டவை முன்கூட்டியே திட்டமிட்ட முகாம், ஒழுங்கான சாப்பாடு, சொன்ன தேதியில் சம்பளம். ஒரு தேசிய அணிக்கு இதெல்லாம் கேட்காமலேயே கிடைத்திருக்க வேண்டியவை.