கடலடியில் ஒரு கணக்கெடுப்பு

இடம்பெயர்ந்த பின்னர் இழப்புப் படிவம் நிரப்பும்போது, “காணியில் எத்தனை தென்னை நின்றது, எத்தனை பலா நின்றது?” என்ற கேள்வியில் பேனை நின்றுபோன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கண்முன்னே நின்ற காலத்தில் அவற்றை யார் எண்ணி வைத்தோம்? கடலடியில் உள்ளவற்றின் நிலை இன்னும் மோசம். அங்கே ஒரு காடு அழிந்தாலும் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. அத்தகைய ஒரு கடலுக்குள் இறங்கி, கூலி எதுவும் வாங்காமல், ஆண்டுதோறும் எண்ணி எழுதிவரும் தொண்டர்களைப் பற்றியே இங்கு கூற விரும்புகிறோம்.

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ளது கலிபோர்னியா. அதன் வடபகுதிக் கடலோரம் கற்பாறை நிறைந்தது; நீர் மிகக் குளிர்ந்தது. பாறைகளைப் பற்றிக்கொண்டு ‘கெல்ப்’ எனப்படும் பெரும் கடற்றாவரம் வளர்கின்றது. நமது கரைகளில் ஒதுங்கும் சாதாழையைத் தோட்டத்துக்குப் பசளையாகப் போட்டவர்கள் அதனை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் கெல்ப் கடலடியில் வேர்போலப் பற்றி, நீர்மட்டம் வரை எழும். இப்பகுதியில் உள்ள இனம் ஓராண்டுப் பயிர். வசந்தத்தில் முளைத்து, கோடையில் மேலே வந்து, மாரிக்காலப் புயலில் பிடுங்குண்டு போய்விடும். அதற்கு முன் அது விட்ட வித்திலிருந்தே மறு ஆண்டுக் காடு எழவேண்டும். மீன்களும் சிப்பிகளும் அந்தக் காட்டை நம்பியே வாழ்கின்றன.

பவளப்பாறைகளைக் கண்காணிப்பதற்காக 1996இல் தொடங்கப்பட்ட ‘றீப் செக்’ என்னும் அமைப்பு, 2006 முதல் இக்கற்பாறைகளிலும் தொண்டர் சுழியோடிகளைக் கொண்டு கணக்கெடுத்து வருகின்றது. இவர்கள் விஞ்ஞானிகள் அல்லர்; சுழியோடப் பழகிய சாதாரண மக்கள். வகுப்பிலும் கடலிலும் பல நாள் பயின்று, உயிரினங்களை அடையாளம் காணும் பரீட்சையில் தேறிய பின்னரே இவர்களது கணக்கு ஏற்றுக்கொள்ளப்படும்.

வேலை எளிமையானது. இருவர் இருவராக இறங்கி, பாறை மீது 30 மீற்றர் நாடாவை விரிப்பார்கள். நாடா வழியே 2 மீற்றர் அகலத்துக்குள் உள்ளவற்றை மட்டும் எண்ணி, நீரில் நனையாத தாளில் பென்சிலால் குறிப்பார்கள். ஒரே இனம் 50 வந்துவிட்டால், எந்த மீற்றரில் 50 ஆனது என எழுதிவிட்டு அதனை எண்ணுவதை நிறுத்திவிடலாம். மிகுதியைக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பாத்தியின் கன்றுகளை எண்ணித் தோட்டத்தையே மதிப்பிடும் கமக்காரனுக்கு இது புதிதல்ல. ஆனால் இத்தொண்டுக்குச் சுழியோடும் கருவிகளும் படகும் வேண்டும், வசதியுள்ளவருக்கே அது கைகூடும் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. நமது கடலில் சங்கு குளிப்போரும் அட்டை பிடிப்போரும் தினமும் காண்பதை எழுதிவைப்பார் இல்லையே என்ற எண்ணம் எமக்கு எழாமல் இல்லை.

2013இல் ஒரு நோய் வந்தது. நட்சத்திர மீன்கள் கரைந்து விழுந்தன. இருபதுக்கு மேற்பட்ட கைகளுடன் ஒரு மீற்றர் வரை அகலும் சூரியகாந்தி நட்சத்திர மீன் அங்கு அற்றே போயிற்று. முட்கள் நிறைந்த கடல் முள்ளிகளைத் தின்பது அதுதான். சாரைப்பாம்பை அடித்துக் கொன்ற வயலில் எலி பெருகுவதை நாம் கண்டிருக்கிறோம். அங்கும் அப்படியே. 2014 முதல் 2016 வரை கடல் வழமையை விடச் சூடாக இருந்ததால் கெல்ப்பும் நலிந்தது. ஊதா நிறக் கடல் முள்ளிகள் 60 மடங்காகப் பெருகின. 350 கிலோமீற்றர் கடலோரத்தில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட கெல்ப் காடு அழிந்தது. தின்ன ஏதுமின்றியும் முள்ளிகள் சாகவில்லை. பல ஆண்டுகள் பட்டினி கிடந்து உயிர்வாழக்கூடியவை அவை. உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை, பதர் நெல் போல, விற்கவும் முடியாது. அபலோன் எனும் பெருஞ்சிப்பிகளோ பட்டினியால் மடிந்தன. 2018இல் அரசு அபலோன் பிடிப்பதை மூடிவிட்டது.

பழைய தாள்கள் இருந்தபடியால், எந்தப் பாறையில் முன்பு என்ன இருந்தது என்று காட்ட முடிந்தது. 2020இல் நோயோ குடாவில், வேலையிழந்து நின்ற முள்ளி பிடிக்கும் தொழிலாளருக்குக் கூலி கொடுத்து முள்ளிகளை அகற்றுவித்தார்கள். அகற்றுவதற்கு முன்னும் பின்னும் றீப் செக் சுழியோடிகள் எண்ணினார்கள். அகற்றிய சில இடங்களில் கெல்ப் மீண்டும் முளைத்தது. நட்சத்திர மீன்களைக் கொன்றது ஒருவகைப் பக்டீரியா என்பது 2025இல்தான் தெரியவந்தது. அம்மீனைத் தொட்டிகளில் வளர்த்தெடுக்கும் முயற்சியும் நடக்கின்றது. சுற்றுப்புறத்திலிருந்து முள்ளிகள் ஊர்ந்து வந்தபடியே இருப்பதால், துப்புரவாக்கிய பாறைகளில் நாடா மீண்டும் மீண்டும் விரிக்கப்படுகின்றது.