என்ஜினுக்கு முன்னால் அளவு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சு செய்கிறவரிடம் 10 அங்குலப் பொம்மை வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். அவர் 11 அங்குலத்துக்கும் மேலாக மாடல் பிடிப்பார். களிமண் காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். மண்ணுக்கு மண் அந்தக் கணக்கு மாறும். நெய்வேலிப் பக்கத்து மண்ணில் என்ன கலந்தால் எவ்வளவு குறையும் என்பது அவருக்கு விரல் நுனியில் இருக்கும். அளவு எடுக்காமல் அங்கே யாரும் மண்ணைத் தொடுவதில்லை.

அந்தத் தொழிற்பேட்டையில் மின்சாரத்துக்கான பீங்கான் சாமான் செய்யும் என் நண்பர் ஒருவர், பட்டறையின் பின்கட்டில் ஒரு ஸ்டாண்டர்டு 2000 காரை வைத்திருக்கிறார். தார்ப்பாயை விலக்கினால் நீண்ட மூக்கும் சரிந்த பின்பக்கமும் தெரியும். இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு எந்த நாட்டு வண்டி என்று கேட்கிறார்கள். சென்னை வண்டலூர்ப் பக்கம் செய்த வண்டிதான் என்றால் நம்புவதில்லை.

அந்தக் காரின் கதையே ஓர் என்ஜின் மாற்றத்தின் கதை. 1976-இல் இங்கிலாந்தில் ரோவர் எஸ்.டி.1 என்ற பெயரில் வந்தபோது அதன் மூக்குக்குள் 3,528 சி.சி. வி-8 என்ஜின் இருந்தது. 155 குதிரைத் திறன். 1977-இல் ஐரோப்பாவின் அந்த ஆண்டுக் கார் என்ற விருதையும் அது வாங்கியது. அதே உடலை 1985-இல் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இங்கே கொண்டுவந்தபோது உள்ளே வைத்தது 1,991 சி.சி. கொண்ட நான்கு சிலிண்டர் என்ஜினை. திறன் ஏறக்குறையப் பாதிதான். ஆனால் அந்த என்ஜினைத் தாழ்வாக நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வந்த ஸ்டாண்டர்டு வான்கார்டு காருக்கான என்ஜின் குடும்பம் அது. அதே குடும்பம் ஃபெர்குசன் டிராக்டரில் ஏர் இழுத்தது. 1953-இல் வந்த டிரயம்ஃப் டி.ஆர்.2 என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. வயலிலும் பந்தயத்திலும் பேர் வாங்கிய என்ஜின்தான். 1985-க்கு அது கிழம், இந்த உடலுக்குப் பலம் போதவில்லை. சில ஆண்டுகளிலேயே கார் நின்றது, தொழிற்சாலையும் மூடப்பட்டது.

அந்த என்ஜினுக்குப் பதிலாக நண்பர் தம் வண்டிக்குக் கான்டெஸா காரில் வந்த 1,817 சி.சி. இசுசு பெட்ரோல் என்ஜினைத் தேர்ந்தெடுத்தார். நல்ல தேர்வு. அதுவும் பின்சக்கர ஓட்டத்துக்கான என்ஜின். பாகங்கள் நம் ஊர்ப் பழைய சாமான் கடைகளில் இன்றும் தேடினால் கிடைக்கும். வி-8 உட்கார்ந்த மூக்கு என்பதால் இடத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் சென்னைப் புதுப்பேட்டையில் என்ஜின் தனியாகக் கிடைத்தது, அதனுடைய ஐந்து கியர் பெட்டி கிடைக்கவில்லை. "கியர்பாக்ஸ் நம்மகிட்டதான் இருக்கே, இதையே மாட்டிக்கலாம்" என்று என்ஜினை மட்டும் வண்டி ஏற்றிவிட்டார். தவறு நடந்தது அங்கேதான். உடன் இருந்த எனக்கும் அதில் பங்கு உண்டு.

என்ஜினும் கியர்பெட்டியும் வேறுவேறு குடும்பம் என்றால் இரண்டுக்கும் நடுவே ஓர் அடாப்டர் பிளேட் வேண்டும். பார்வைக்கு ஓட்டை போட்ட அலுமினியத் தகடு. அதன் ஒரு பக்கத்துத் துளைகள் என்ஜினுக்குப் பொருந்த வேண்டும், மறுபக்கத்துத் துளைகள் கியர்பெட்டியின் முன்கூடான பெல் ஹவுசிங்குக்கு. இரண்டுக்கும் மையம் ஒன்றாக இருக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பெட்டியின் உள்நுழை தண்டின் மையமும் ஒரே கோட்டில் வராவிட்டால், தண்டின் முனையைத் தாங்கும் பைலட் புஷ் தேயும், கிளட்ச் நடுங்கும், கியர் விழ மறுக்கும். டயல் கேஜை ஃப்ளைவீலில் பொருத்தி பெல் ஹவுசிங்கின் உள்வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் விலகல் தெரியும். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 5 பங்கு, அதாவது சுமார் 0.13 மில்லிமீட்டர் என்பதுதான் பட்டறைகளில் பொதுவாகச் சொல்லும் எல்லை.

நாங்கள் முதல் பிளேட்டுக்கு அளவு எடுத்தது ஒரு பேக்கிங் காகிதத்திலிருந்து. எண்ணெய் ஊறி உப்பிய காகிதம் அது. லேத்காரர் அதை அப்படியே நம்பி, கொடுத்ததற்குச் சுத்தமாகத் துளை போட்டுத் தந்தார். பொருத்திப் பார்த்தபோது அரை மில்லிமீட்டர் விலகல். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. பொம்மைக்குச் சுருக்கக் கணக்குப் போடுகிற ஊரில் இருந்துகொண்டு காகிதத்தில் அளவெடுத்தது எங்கள் பிழை. நண்பர் அந்தத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

இரண்டாவது பிளேட்டுக்கு என்ஜின் பிளாக், கியர்பெட்டி இரண்டையும் ஒரு சின்ன லாரியில் ஏற்றிச் சேலம் வழியாகக் கோவைக்குக் கொண்டுபோனோம். இரண்டின் முகத்தையும் நேரடியாக இயந்திரத்தில் வைத்து அளந்தார்கள். இடம் காட்டும் ஊசிகளான டோவல் பின்களின் துளைகளை முதலில் போட்டு, மற்ற போல்ட் துளைகளைப் பிறகு போட்டார்கள். இந்த வரிசை முக்கியம். மையத்தைப் பிடித்து நிறுத்துவது டோவல் பின்தான். போல்ட் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவே.

கிளட்ச் பிளேட்டின் கதை இன்னும் சுவையானது. அதன் வெளிவட்டம் புது என்ஜினின் ஃப்ளைவீலுக்குச் சரியாக வேண்டும், நடுவே உள்ள பல்லோ பழைய கியர்பெட்டியின் தண்டுக்கு வேண்டும். அப்படி ஒரு கிளட்ச் பிளேட்டை எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. நம் ஊர்களில் கிளட்ச் பிளேட்டுக்கு லைனிங் அடிக்கிற கடைக்காரர் இதைச் செய்துகொடுப்பார். ஒரு பிளேட்டின் நடுப்பகுதியைக் கழற்றி இன்னொன்றின் நடுவே ரிவெட் அடித்துச் சேர்ப்பார். இரண்டு மாதிரியையும் அவர் மேசையில் வைத்துவிட்டால் போதும், அவருடைய கை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். இந்தக் கைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்ஜின் மவுண்டிங், சைலன்சரின் முன்குழாய், ரேடியேட்டர் ஹோஸ், ஆக்ஸிலரேட்டர் கேபிள் எல்லாமே புதிதாகச் செய்ய வேண்டியவை. பழைய வண்டியில் அங்குல மரை, இசுசுவில் மெட்ரிக் மரை. இரண்டு போல்ட்டும் ஒரே டப்பாவில் கலந்தால் ஒரு நாள் வேலை போய்விடும். புரொப்பல்லர் ஷாஃப்டை மட்டும் கடைசியில்தான் வெட்ட வேண்டும். என்ஜினும் கியர்பெட்டியும் இறுதியாக இறுகி, வண்டி தன் எடையோடு நான்கு சக்கரத்தில் நின்ற பிறகு அளந்து, வெட்டி, பேலன்ஸ் செய்ய வேண்டும். அதற்கு முன் வெட்டினால் பணம் போச்சு.

பானட் மூடுமா என்று பார்த்ததுதான் எனக்குப் பிடித்த காட்சி. நண்பர் தம் பட்டறையிலிருந்து ஓர் உருண்டைக் களிமண் கொண்டுவந்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, ஏர் கிளீனரின் தலையில் வைத்தார். பானட்டை மெதுவாக இறக்கித் தாழிட்டு, திரும்பத் திறந்தார். நசுங்கிய மண்ணைக் கம்பியால் குறுக்கே அறுத்து, அதன் கனத்தை உடனே வெர்னியரில் பார்த்தார். "காய விட்டா பொய் சொல்லும்" என்றார். 11 மில்லிமீட்டர் காட்டியது. ரப்பர் மவுண்டிங்கில் என்ஜின் குலுங்கும், அது போதாது. பானட்டில் ஓட்டை போடலாம் என்று ஒருவர் சொன்னார். நண்பர் சம்மதிக்கவில்லை. உயரம் குறைந்த ஏர் கிளீனர் ஒன்றைத் தேடி மாட்டினார்.

கம்பெனிகளே என்ஜின் மாற்றத்தைச் சரியாகச் செய்ததும் உண்டு. 1985-இல் பிரீமியர் 118 என்.இ. வந்தபோது ஃபியட் 124 உடலுக்குள் நிசான் 1,171 சி.சி. என்ஜினை வைத்தார்கள், கியர்பெட்டியையும் நிசானிலிருந்தே எடுத்தார்கள். இணைப்பிடம் ஒன்று குறைந்தால் தொல்லை பத்து குறையும். கையில் பணமும் பொறுமையும் இருந்தால் நீங்களும் அப்படியே என்ஜினைக் கியர்பெட்டியோடு சேர்த்து வாங்குங்கள் என்பேன். கோவையின் எஸ். கரிவரதன் இன்னும் ஒரு படி மேலே போனவர். மாருதி 800-இன் சாதாரண என்ஜினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை இங்கேயே கட்டினார். வெளிநாட்டுக் கார் வாங்க முடியாத இளைஞர்கள் அவற்றில் ஏறிப் பந்தயம் பழகினார்கள். பிறகு 2005-இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அந்த வகைக் காரில் ஓட்டியவர்தான். 1995-இல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பந்தயத் தடத்தில் ஓடுவது வேறு, சாலையில் ஓடுவது வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை உரிமையாளர் தம் விருப்பம்போல மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. ஆகவே என்ஜினைத் தேடிப் போகும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். பழைய என்ஜின் வாங்கும்போது அது எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்பதற்கான தாளையும் பில்லையும் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். திருட்டு வண்டியின் எண் உங்கள் வண்டியின் மூக்குக்குள் வந்து உட்கார்ந்தால், அதற்கு எந்த அடாப்டரும் கிடையாது.

நண்பர் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பக்கம். கையால் போட்ட படம், அளவு, உலோகம், மரையின் வகை, யாரிடம் என்றைக்குக் கொடுத்தார் என்ற விவரம். கெட்டுப்போன முதல் பிளேட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் காகித அளவு என்று எழுதிச் சிவப்பில் அடித்திருக்கிறார். பீங்கான் பட்டறையில் வார்க்கும் அச்சு தேய்ந்தால் தூக்கிப் போடுவார்கள். அதைப் பிறப்பித்த தாய் அச்சை மட்டும் பத்திரமாக வைத்திருப்பார்கள். அந்தப் பழக்கத்தில் வந்த நோட்டு இது.

தமிழ்நாட்டில் ஸ்டாண்டர்டு 2000, ஹெரால்டு, கான்டெஸா வைத்திருக்கிறவர்கள் ஆளுக்கொரு மூலையில் இதே பிளேட்டை, இதே மவுண்டிங்கை முதலிலிருந்து அளந்து, இதே பிழையைச் செய்து, இதே பணத்தை இழந்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் வண்டிக்கு ஒரு பாகம் சரியாகப் பொருந்திவிட்டால், அதன் படத்தையும் அளவையும் தேதி போட்டு எழுதி ஒரு பிரதி எடுங்கள். லேத்காரர் பெயரையும் சேர்த்து எழுதி, அடுத்த கார்க்காரரிடம் கொடுங்கள்.