சீசன் நடுவே பயிற்சியாளரை மாற்றினால் அணி தேறுமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என எந்த ஊர்த் தோல் வியாபாரியானாலும் பெரியமேட்டுக்குப் போய்வராமல் தொழில் நடத்த முடியாது. சென்ட்ரலில் இறங்கி, கிடங்குகளையும் கமிஷன் கடைகளையும் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புகையில் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் நம் கண்ணில் படாமல் போகாது. 2014-ல் தொடங்கிய சென்னையின் எஃப்.சி. என்ற கால்பந்து அணிக்கு அதுதான் சொந்த மைதானம். அபிஷேக் பச்சன், வீடா தானி, கிரிக்கெட் வீரர் தோனி ஆகியோர் அதன் முதலாளிகளாக இருந்து வந்திருக்கிறார்கள். வியாபாரிகள் சங்க ஏட்டில் கால்பந்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இந்த அணியின் முதலாளிகள் நாலைந்து முறை எதிர்கொண்ட கேள்வி நம் கடைகளிலும் வரும் கேள்விதான். வியாபாரம் சரிந்துகொண்டிருக்கும்போது, சீசன் முடியும்வரை பொறுப்பதா, நடுவிலேயே மேனேஜரை மாற்றுவதா?

நம் பேரேட்டை நாம்தான் பார்ப்போம். மேனேஜரை மாற்றியதால் லாபமா நஷ்டமா என்று வெளியாருக்குத் தெரியாது. பல நேரம் நமக்கே தெரியாது. கால்பந்தில் கணக்கு ஊரறிய இருக்கிறது. வென்றால் 3 புள்ளி, சமன் என்றால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. எந்தத் தேதியில் ஆள் மாறினார், அதற்கு முன் எத்தனை, பின் எத்தனை என்று யாரும் கூட்டிப் பார்க்கலாம்.

தோற்பது ஆட்டக்காரர்கள் என்றால் பயிற்சியாளரை ஏன் அனுப்புகிறார்கள் என்ற சந்தேகம் வருவது இயல்பு. அதற்குக் காரணம் விதிகளில் இருக்கிறது. ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய வருஷத்தில் இரண்டு காலக்கெடுதான் உண்டு. ஒன்று சீசன் தொடங்குகையில், மற்றொன்று பெரும்பாலும் ஜனவரியில். சீசன் நடக்கும்போது ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தை ஒரு தரப்பு மட்டும் முறிக்கக்கூடாது என்று உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் விதி சொல்கிறது. ஆக நவம்பர் மாதம் அணி அடிவாங்கினால் இருபத்தைந்து பேரை மாற்ற வழியில்லை, ஓரத்தில் நிற்கும் ஒருவரை மாற்றலாம். வாங்கிய சரக்கைத் திருப்ப முடியாத வியாபாரி கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஆளை மாற்றுவது போலத்தான்.

இனி 2019-ம் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். ஆள் மாற்றியதால் அணி பிழைத்தது என்று எல்லோரும் எடுத்துக்காட்டும் வருஷம் அது.

அப்போது பயிற்சியாளர் இங்கிலாந்துக்காரரான ஜான் கிரிகோரி. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு அணியை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்று கோப்பை வாங்கித் தந்தவர். மறு சீசனிலேயே அணி பத்துக்குப் பத்தாவது இடத்துக்கு விழுந்தது. 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி. ஆனாலும் முதலாளிகள் அவரை விடவில்லை. 2019 அக்டோபரில் அடுத்த சீசன் தொடங்கியது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவதில் ஹைதராபாத்தை 2-1 என்று வென்றார்கள். ஆறாவதில் ஒடிசாவுடன் 2-2. நவம்பர் 30 அன்று கிரிகோரி விடைபெற்றார். 6 ஆட்டத்தில் 5 புள்ளி.

டிசம்பர் முதல் வாரத்தில் ஓவன் காயில் வந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், இங்கிலாந்தில் பர்ன்லி, போல்டன் அணிகளை நடத்தியவர். அவர் கையில் அணி 4-வது இடத்துக்கு ஏறி, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டி, இறுதி ஆட்டம் வரை போயிற்று. 2020 மார்ச் 14 அன்று, கொரோனா காரணமாக ஒரு ரசிகர்கூட இல்லாத கோவா மைதானத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 1-3 என்று தோற்றது.

இத்தோடு நிறுத்தினால் மாற்றியதால்தான் பலன் என்று தோன்றும். உள் கணக்கைப் பாருங்கள். காயில் வந்த முதல் நான்கு ஆட்டங்களில் ஜாம்ஷெட்பூருடன் சமன், கேரளாவுடன் வெற்றி, கோவாவிடமும் ஒடிசாவிடமும் தோல்வி. மொத்தம் 4 புள்ளி. கிரிகோரியின் கடைசி இரண்டு ஆட்டத்திலேயே அதே 4 புள்ளி கிடைத்திருந்தது! புது ஆள் காலடி வைத்ததும் அதிர்ஷ்டம் வந்தது என்பதெல்லாம் பிற்பாடு சொல்லும் கதை. ஜனவரி 10-ல் ஹைதராபாத்தில் 3-1 என்று வென்ற பிறகுதான் சக்கரம் சுழன்றது. அதிலிருந்து லீக் முடியும்வரை 8 ஆட்டத்தில் தோல்வியே இல்லை. 6 வெற்றி, 2 சமன், 20 புள்ளி. ஐந்தும் நாலும் இருபதும் சேர்ந்து 29.

காயில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. முக்கிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் முன்பிருந்தவர்கள்தான். அந்த சீசனில் 15 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கிய லிதுவேனியாக்காரர் வால்ஸ்கிஸ், பந்தைப் பக்குவமாக எடுத்துக் கொடுத்த பிரேசில்காரர் கிரிவெல்லாரோ இருவரும் கிரிகோரி காலத்திலேயே வந்தவர்கள். அதே சரக்கை வைத்துக்கொண்டு காயில் தாக்கி ஆடவிட்டார். கோவாவிடம் 3-4, கேரளாவிடம் 6-3 என்ற கணக்குகளே அதைச் சொல்லும். நாலு வாங்கினாலும் பரவாயில்லை, ஐந்து போடப் பார் என்ற போக்கு. ஆனால் அதற்கும் ஐந்து வாரம் பிடித்தது. ஜனவரி தொடக்கத்தில் ஒடிசாவிடம் 0-2 என்று தோற்ற அன்று முதலாளிகள் பொறுமை இழந்திருந்தால், இன்று காயில் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள்.

நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல் இதையே பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார். அந்நாட்டின் முதல்தர லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த பயிற்சியாளர் நீக்கங்களை எடுத்து, 2011-ல் முடிவை வெளியிட்டார். நீக்கிய பின் அணிகள் தேறியது உண்மை. ஆனால் அதே அளவுக்குச் சரிந்தும் பயிற்சியாளரை மாற்றாமல் வைத்துக்கொண்ட அணிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவையும் ஏறத்தாழ அதே அளவு தேறியிருந்தன.

நமக்கு இது புதிதல்ல. ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, மொத்தக் கடையில் ஈ ஆடும். (தள்ளுபடி போட்டுக் கூட்டம் சேர்க்கும் ஜவுளிக் கடைகளை இங்கே விட்டுவிடுவோம்.) ஆடிக் கடைசியில் மேனேஜரை அனுப்பிவிட்டுப் புது ஆளை வைத்தால், ஆவணி முகூர்த்தத்தில் வியாபாரம் தானாக ஏறும். புது மேனேஜருக்கு மாலை, பழைய ஆளுக்கு வசை. அடிமட்டத்தில் இருக்கும்போதுதான் யாரும் ஆளை மாற்றுவார்கள். அடிமட்டத்திலிருந்து போக மேலேதான் வழி உண்டு.

மாற்றாமல் இருந்து ஜெயித்த வருஷமும் இதே அணிக்கு உண்டு. 2015-ல் இத்தாலியின் மாட்டரேஸி பயிற்சியாளராக இருந்தார். 14 ஆட்டம் கொண்ட லீக்கில் 10 ஆட்டம் முடிந்தபோது அணி கடைசி இடத்தில். அவரை வைத்தே மிச்ச நான்கையும் வென்றார்கள். அப்போதுதான் சென்னையில் பெருவெள்ளம். அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தைப் புனேயில் ஆடவேண்டி வந்தது. டிசம்பர் 20 அன்று கோவாவை அவர்கள் மைதானத்திலேயே 3-2 என்று வென்று கோப்பையோடு திரும்பினார்கள். அதே பொறுமையை 2018-19-ல் காட்டியபோது கிடைத்தது கடைசி இடம். பொறுமையும் ஒரு பந்தயம்தான்.

அப்படியானால் முதலாளி எதைப் பார்த்து முடிவு செய்வது? நம் தொழிலில் இதற்கு விடை இருக்கிறது. சுண்ணாம்புத் தொட்டியில் கிடக்கும் தோல் சரியில்லை என்றால் முதலில் பார்ப்பது கச்சாத் தோலை. உரிக்கும்போது விழுந்த கத்திவெட்டும் உண்ணி கடித்த தடமும் இருந்தால் எந்த மேஸ்திரி வந்தாலும் அவை போகா. தோல் நல்லது, சுண்ணாம்பு அளவோ ஊறிய நாளோ தவறு என்றால் மேஸ்திரியைக் கேட்கவேண்டும். அதையும் காலத்தில் கேட்கவேண்டும். அளவு மீறி ஊறிப்போன தோலைப் புது மேஸ்திரி கையில் கொடுத்து என்ன பயன்?

2022-ல் நடந்தது அந்தக் கடைசி வகை. மாண்டிநீக்ரோ நாட்டின் பாண்டோவிச் பயிற்சியாளர். கொரோனாவால் எல்லா ஆட்டமும் கோவாவில். முதல் நான்கு ஆட்டங்களில் தோல்வி இல்லாமல் நன்றாகத்தான் தொடங்கினார்கள். பிறகு மெல்ல மெல்ல இறக்கம். பிப்ரவரியில் கோவா அணியிடம் 0-5 என்று தோற்ற ஓரிரு நாளில் அவரை நீக்கினார்கள். 20 ஆட்டத்தில் மிச்சம் நான்கே. துணைப் பயிற்சியாளராக இருந்த நம் தமிழ்நாட்டுக்காரர் சையத் சபீர் பாஷாவிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். இந்தியாவுக்காக ஆடியவர், இந்தியன் வங்கி அணியை நடத்திய அனுபவஸ்தர். நான்கு ஆட்டத்தில் கிடைத்தது 1 புள்ளி; 11 அணிகளில் 8-வது இடம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கப்பலேற்றும் தேதிக்குப் பத்து நாள் இருக்கையில் தொழிற்சாலைச் சாவியைக் கொடுத்து, ஆர்டரை முடி என்றால் யாரால் முடியும்? ஜாம்ஷெட்பூருக்குப் போயிருந்த காயில் அதே சீசனில் அந்த அணியை லீக்கில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். 2023-ல் அவரே சென்னைக்குத் திரும்பி வந்தார். 2024-25-ல் 13 அணிகளில் 11-வது இடம்தான் கிடைத்தது. சீசன் நடுவே அவரை யாரும் நீக்கவில்லை.

பத்திரிகைகள் அதிகம் பேசாத விஷயம், உடன் போகிறவர்கள். தலைமைப் பயிற்சியாளர் தமக்கென்று துணையாட்களை அழைத்து வருகிறார். அவர் போனால் அவர்களும் மூட்டை கட்டவேண்டும். 2024 டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி, 12 ஆட்டத்தில் 11 புள்ளி எடுத்திருந்த ஸ்வீடன்காரர் ஸ்டாரேயை நீக்கியபோது துணைப் பயிற்சியாளர்கள் இருவரும் கூடவே போனார்கள். முன்பே உள்ளே இருந்த டி.ஜி. புருஷோத்தமன் முதலானோர் மிச்ச 12 ஆட்டத்தில் 18 புள்ளி சேர்த்தும், 8-வது இடத்துக்கு மேல் போக முடியவில்லை. 2024 ஜனவரியில் மோகன் பகான் அணி ஃபெர்ராண்டோவை நீக்கியபோது அதே அணியில் தொழில்நுட்ப இயக்குநராக இருந்த ஹபாஸிடம் பொறுப்பைக் கொடுத்தது. ஏப்ரலில் லீக் கேடயம் வந்தது. 2020 இறுதி ஆட்டத்தில் சென்னையைத் தோற்கடித்த அதே ஹபாஸ்தான். 2012 மார்ச்சில் இங்கிலாந்தின் செல்சீ, வில்லாஸ்-போவாஸை அனுப்பிவிட்டுத் துணைப் பயிற்சியாளர் டி மத்தேயோவை உட்காரவைத்தது. மே மாதம் ஐரோப்பியக் கோப்பையே கிடைத்தது. நவம்பரில் அவரையும் அனுப்பிவிட்டார்கள், அது வேறு.

உள்ளே இருந்தவருக்கு ஆட்களைத் தெரியும். யாருக்கு எங்கே வலிக்கிறது, யார் யாரோடு பேசமாட்டார் என்பது வரை தெரியும். நம் பகுதியில் ஒரு கடையில் விற்பனை குறைந்தது என்று மேனேஜரை அனுப்பியபோது, அவர் கூட்டி வந்த கணக்குப்பிள்ளையும் வசூலுக்குப் போகும் பையனும் சேர்ந்து போனார்கள். எந்த ஊர்ப் பாக்கி எந்தத் தேதியில் வரும், எந்தச் சில்லறைக் கடைக்காரரிடம் நயமாகக் கேட்கவேண்டும் என்பதெல்லாம் பேரேட்டில் எழுதியிராத சங்கதி. அது அந்தப் பையனின் தலையில் இருந்தது. அந்த வருஷம் விற்பனை ஏறிற்று, நிலுவை வசூலாகவில்லை.

கடைசியாகப் பணம். பயிற்சியாளர் நீங்கும்போது இரு தரப்பும் சம்மதித்துப் பிரிந்ததாக அணிகள் அறிக்கை விடும். அதற்கு அர்த்தம், ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள காலத்துக்கு ஒரு தொகை பேசி முடித்தார்கள் என்பதே பெரும்பாலும். 2021 ஜனவரி முதல் பயிற்சியாளர் ஒப்பந்தங்களுக்கென்றே ஃபிஃபா தனி விதிகள் வைத்திருக்கிறது. தக்க காரணமின்றி நீக்கினால் மிச்சக் காலத்துச் சம்பளத்தைக் கணக்கிட்டு நஷ்ட ஈடு தரவேண்டும்; இடையில் அவருக்கு வேறு வேலை கிடைத்தால் அந்தச் சம்பளத்தைக் கழித்துக்கொள்ளலாம். கொடுக்கத் தவறும் அணி புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யத் தடை வரும். ஆகவே சீசன் நடுவே ஆளை மாற்றும் முதலாளி இரண்டு சம்பளம் கொடுக்கிறார், ஒன்று வந்தவருக்கு, ஒன்று போனவருக்கு.