தாய்க்கோழியின் பணி

முன்னுரை

முற்றமுள்ள மனைக்குக் கோழி புதியதன்று. நான்கைந்து பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தால் வீட்டிற்கு முட்டை கிடைக்கும். இல்லத்தரசியின் கையில் அவருக்கே உரிய சிறு காசும் சேரும். ஆயின் இன்று பல வீடுகளுக்குக் கோழி வேறு வழியாக வருகிறது. சிவப்பு, பச்சை, நீலம் எனச் சாயம் ஏற்றிய குஞ்சுகளைக் கூடையில் வைத்துத் தெருவில் விற்கின்றனர். முட்டைக்கென வளர்க்கும் இனங்களில் சேவற்குஞ்சுகளால் பண்ணையாளருக்குப் பயனில்லை. அவையே பெரும்பாலும் இவ்வாறு விலையாகின்றன. பிள்ளைகளின் ஆசைக்காக வாங்கும் பெற்றோர் அவற்றை அட்டைப் பெட்டியில் இட்டு அரிசியைத் தூவுகின்றனர். சில நாட்களில் குஞ்சுகள் மடிகின்றன. தாயற்ற குஞ்சை வாங்குவோர் தாய்க்கோழியின் பணியை ஏற்கின்றனர் என்பதே நாம் இக்கட்டுரையில் விளக்க முற்படுவது.

இலக்கியம் காட்டும் தாய்க்கோழி

கோழியைத் தமிழர் கூர்ந்து நோக்கியவர்கள். பெண்கோழிக்கு ‘அளகு’ என்னும் பெயர் உரியது என்றும், பறவைகளின் இளமைக்குப் ‘பார்ப்பு’, ‘பிள்ளை’ என்னும் பெயர்கள் உண்டு என்றும் தொல்காப்பிய மரபியல் கூறும். குறுந்தொகை 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு மாலைக் காட்சியை உவமையாக்குகிறார். வேலியோரம் காட்டுப்பூனை வருகிறது. எங்கே புகுவது என அறியாத குஞ்சுகள் ஒருங்கே திரள்கின்றன. குட்டைக் காலுடைய வீட்டுப்பெட்டை அவற்றைக் கூவி அழைக்கிறது. வெப்பம் தருதல், இரை காட்டுதல், பகை காத்தல் எனத் தாய்க்கோழியின் பணி மூன்று. அவற்றுள் மூன்றாவதனை இப்பாடல் கண்முன் நிறுத்துகிறது.

பேண்டம் என்னும் சிறுகோழி

குழந்தைகள் உள்ள வீட்டிற்கு அமைதியான சிறு இனங்கள் ஏற்றவை. இவற்றைப் பேண்டம் என்பர். சாவகத் தீவின் மேற்குக் கோடியில், முன்னர் இசுலாமிய அரசொன்றின் தலைநகராக விளங்கிய பாந்தன் துறைமுகத்தின் பெயரே இவ்வாறு திரிந்தது. இவற்றுள் கால்வரை மென்சிறகு மூடிய கொச்சின் பேண்டமும், பட்டுப் போன்ற இறகுடைய சில்கியும் குழந்தைகளின் கைக்கு எளிதில் பழகும். சில்கிக்குத் தோல் கருநிறம். காலுக்கு விரல்கள் ஐந்து. பூனைமயிர் போன்ற இறகுடைய கோழிகள் சீன நாட்டில் உள்ளன என்று 13ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோபோலோ குறித்துள்ளார்.

இவற்றின் முட்டை சிறியது, எண்ணிக்கையும் குறைவு. ஆயின் அடை காப்பதில் சில்கிக்கு நிகர் அரிது. பண்ணையின் முட்டைக்கோழிகள் அடையுணர்வை ஏறத்தாழ இழந்துவிட்டன; அவற்றின் குஞ்சுகள் பொறியில் பொரிப்பவை. அத்தகைய முட்டைகளையும் சில்கி தன்னுடையவை போலவே காத்துப் பொரிக்கும். நாட்டுக்கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைகள் வைக்கலாம். சிறுகோழிக்கு ஐந்தாறு போதும். ஏழாம் நாள் இருளில் முட்டையை விளக்கொளியில் பிடித்தால் கருவுற்றதில் செந்நரம்புகள் தோன்றும், தோன்றாதது கூமுட்டை. 21ஆம் நாள் குஞ்சு வெளிப்படும். சில்கியின் இறகில் மழைநீர் வழிந்தோடாது. எனவே அதற்குக் கூரை இன்றியமையாதது.

குஞ்சு பேணும் முறை

தாயில்லாக் குஞ்சுக்கு முதல் தேவை வெப்பம். முதல் வாரத்தில் சுமார் 35 பாகை செல்சியசு வேண்டும். பின்னர் வாரந்தோறும் மூன்று பாகை குறைத்து, இறகு முளைத்ததும் நிறுத்திவிடலாம். மின்விளக்கொன்றைத் தொங்கவிட்டாலே போதும்; கோடைப் பகலில் அதுவும் தேவைப்படாது. குஞ்சுகளே நமக்கு வெப்பமானி. விளக்கடியில் நெருக்கிக் கத்தினால் குளிர். அலகு திறந்து விலகி நின்றால் வெம்மை. பரவி உறங்கினால் சரியான நிலை. மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும் என்பதால் தடுப்பை வட்டமாக அமைத்தல் நலம்.

இரண்டாவது இரை. அரிசி மட்டும் போதாது. வளரும் உடலுக்குப் புரதம் வேண்டும். குஞ்சுத் தீவனத்துடன் கம்பு, நொய், நறுக்கிய கீரை ஆகியவற்றைத் தரலாம். பழம்பானையில் கிழிந்த கோணியும் காய்ந்த சாணமும் இட்டு, நீர் தெளித்து, மண்ணில் கவிழ்த்து வைத்தால் ஓரிரு நாளில் கரையான் திரளும். நம் சிற்றூர்ப் பெண்கள் கண்ட சிறந்த புரத உணவு அது. நீர்த்தட்டு ஆழமற்றதாக இருக்கட்டும். அதில் கூழாங்கற்களை இட்டால் குஞ்சு மூழ்காது.

மூன்றாவது காவல். பகலில் பருந்தும் காகமும், இரவில் பூனையும் கீரியும் பகை. பஞ்சாரத்தில் கவிழ்த்தலும், அந்திக்குமுன் கூட்டில் அடைத்தலும் வேண்டும். சேவல் ஒன்றே போதும். விலக்குவார் இன்றித் தாமே பொருதழியும் குப்பைக்கோழிகளை உவமை கூறிய புலவர் அவ்வுவமையாலேயே குப்பைக்கோழியார் எனப் பெயர் பெற்றார்.

நோய்க் காப்பு

கண்ணுக்குத் தெரியாப் பகை நோய். வெள்ளைக்கழிச்சல் புகுந்தால் முற்றமே வெறுமையாகும். அதற்கு மருந்தில்லை, தடுப்பூசியே காப்பு. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து இடவேண்டும். அடுத்த தவணைகளைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுச் செய்க. இரத்தக்கழிச்சலுக்கு ஈரத்தரையே வித்து. எனவே உமியை உலர்வாக வைத்திடுக. புதிதாக வாங்கிய கோழியை இரு வாரமேனும் தனித்து வைத்த பின்னரே பிறவற்றுடன் சேர்க்க வேண்டும். கோழியைத் தொட்ட பிள்ளைகள் சோப்பிட்டுக் கைகழுவப் பழகவேண்டும். குஞ்சை முத்தமிடல் ஆகாது. கோழிகள் திரளாக இறந்தால் மறைக்காது கால்நடை மருத்துவருக்கு அறிவித்தல் கடமை.

மார்க்கம் காட்டும் நெறி

பயணம் ஒன்றில் தோழர்கள் சிறுபறவையொன்றின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதனைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே சேர்க்கப் பணித்தார்கள் என்பது அபூதாவூது தொகுப்பிலுள்ள செய்தி. கோழியைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிய இளைஞரை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்ததைப் புகாரித் தொகுப்பு கூறுகிறது. உண்பதற்கு ஆகுமாக்கப்பட்ட உயிரேயாயினும் விளையாட்டுக்கு அது இலக்காகக் கூடாது. அறுக்கும் நாளிலும் கத்தியைத் தீட்டித் துன்பத்தைக் குறைக்க வேண்டும் என்பதே நபிவழி.

நிறைவுரை

சாயக்குஞ்சு மடியும்போது பிள்ளை ஒரு பாடம் கற்கிறது: உயிர் மலிவானது, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்பது அப்பாடம். அடைக்கோழியின் சிறகடியில் குஞ்சு புகுவதையும், காலையும் மாலையும் தன் கையால் நீர் மாற்றுவதையும் அறிந்த பிள்ளை வேறொரு பாடம் கற்கிறது. வாங்குமுன் விளக்கு, தீவனம், கூடு, தடுப்பூசி நான்கையும் ஆயத்தம் செய்வோம், இயலாதெனின் வாங்காதிருப்போம். இயலுமெனின் குஞ்சுடன் ஓர் அடைக்கோழியையும் மனைக்குக் கொணர்வோம்.