பாம்பை அறிந்தால் பயம் குறையும்

வன்னியில் மீளக்குடியேறிய கிராமமொன்றில், பாம்புகளை இனங்காணப் பழகிய இளைஞர் சிலருடன் நானும் நான்கு பெண்களும் ஓரிரவு டோச் லைட்டுடன் புறப்பட்டோம். பிடிப்பதற்கல்ல, தூர நின்று பார்ப்பதற்கே.

விறகுக் குவியலருகே வெள்ளை வளையங்களுடன் ஒரு பாம்பு.

“ஐயோ, கட்டுவிரியன்!” எனப் பதறினார் ஓர் அக்கா. யுத்தத்தில் கணவரை இழந்தவர். பிள்ளைகளுடன் நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்.

“இல்லையக்கா, வளையம் கழுத்தடியிலேயே அகலமாத் தொடங்கி வால் பக்கம் மங்குது. இது நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையன். கட்டுவிரியனுக்குக் கழுத்தடியில வளையம் தெளிவில்லை, வால் பக்கந்தான் தெளிவு” என்றார் ஒரு தம்பி.

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், நித்திரையில் இருப்பவரையே கடிக்கும். வலியோ வீக்கமோ தெரியாமலிருக்கலாம். பின்னர் வயிற்றுவலி வரும், கண்ணிமை சோரும். ஆகவே சகோதரிகளே, நுளம்பு வலையின் ஓரங்களைப் பாய்க்கடியில் செருகிவிட்டுப் படுங்கள். கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். எந்தப் பாம்பென்று தேடி நேரத்தை வீணாக்காமல் உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள்.

மறுவாரம் அந்த அக்காவின் வளவுக்குள் சாரைப்பாம்பு வந்தது. பிள்ளைகள் தடியெடுக்க, அவர் தடுத்தார்: “விடுங்கோ, எலியைப் பிடிக்கட்டும்.”