அட்டையில் 32, கையில் 20

2020-இல் பள்ளிகள் மூடிக்கிடந்த நாள்களில், மகளின் இணையவழி வகுப்புக்காக ஒரு டேப்லெட் வாங்கினேன். அட்டைப் பெட்டியில் '32 ஜிபி' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஒரு புகைப்படம்கூட எடுக்காத நிலையில் எங்களுக்கென மிஞ்சியிருந்தது 20 ஜிபிக்குச் சற்றே அதிகம். மூன்றாம் மாதமே 'இடமில்லை' என்ற அறிவிப்பு வந்துவிட்டது. அவள் விடைத்தாளைப் படமெடுத்து அனுப்ப வேண்டிய காலையில், அவசரத்தில் தாத்தாவின் எண்பதாம் ஆண்டு நிறைவு விழாக் காணொலியை அழித்தோம். வேறு பிரதி இருப்பதாக நினைத்திருந்தோம். இல்லை.

கடைக்காரரிடம் கேட்டபோது, "எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் சார்" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல.

இந்தக் குறைவுக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, எண்ணும் முறை. தயாரிப்பாளர்களுக்கு ஒரு ஜிபி என்பது நூறு கோடி பைட். விண்டோஸ் கணினிக்கோ 107,37,41,824 பைட், அதாவது இரண்டின் முப்பதாம் அடுக்கு. 32 ஜிபி பென் டிரைவ் விண்டோஸில் ஏறத்தாழ 29.8 என்று காட்டுவது இதனால்தான். இக்குழப்பம் தீர 1998-இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் இரண்டாவது அளவுக்கு 'கிபிபைட்' என்று தனிப்பெயரே சூட்டியது. கடைவீதியில் அதைச் சொல்லிக் கேட்டவர் அரிது. இதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். மீட்டருக்கும் கெஜத்துக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

இரண்டாவது காரணம்தான் வலிக்கிறது. கருவியை இயக்கும் இயங்குதளமும், நாம் கேட்காமலேயே ஏற்றித்தரப்படும் செயலிகளும் அந்த 32-க்குள்ளேயே குடியிருக்கின்றன. 2013-இல் வெளியான 64 ஜிபி சர்ஃபேஸ் ப்ரோவில் 23 ஜிபிதான் காலியாக இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே முதலில் தெரிவித்தது. அதே ஆண்டு வந்த 16 ஜிபி கேலக்ஸி எஸ்4 கைப்பேசியில் பயனருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 9 ஜிபி. ஐஓஎஸ் 8 விழுங்கிய இடத்துக்காக 2014 இறுதியில் ஆப்பிள் மீது அமெரிக்காவில் வழக்கே தொடுக்கப்பட்டது.

இயங்குதளத்துக்கு இடம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அதில் நன்மையும் உண்டு. ஆண்ட்ராய்டு 7 முதல் பல கருவிகள் இயங்குதளத்துக்கு இரட்டைப் பகுதிகளை ஒதுக்கின. புதுப்பிப்பு பாதியில் பழுதானாலும் கைப்பேசி உயிர்பிழைக்கும். ஆனால், நான் ஒருநாளும் திறக்காத விளையாட்டுக்கும் கடைச் செயலிக்கும் ஏன் இடம் தரவேண்டும்? சிலவற்றை நீக்கவே முடிவதில்லை. 'முடக்கு' என்ற பொத்தான் சின்னத்தை மறைக்கும். இயங்குதளப் பகுதியில் அச்செயலி பிடித்த இடத்தைத் திருப்பித் தராது. போதாக்குறைக்கு, பல ஆண்ட்ராய்டு கருவிகளின் அமைப்புப் பக்கம் மொத்தம் 32 என்றே காட்டி, காணாமற்போன அனைத்தையும் 'சிஸ்டம்' என்ற ஒற்றைத் தலைப்பில் போட்டுவிடுகிறது.

இதில் இழப்பவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். 15 ஜிபி பிடிக்கும் இயங்குதளம், 256 ஜிபி கைப்பேசியில் ஆறு விழுக்காட்டுக்கும் குறைவு. 32 ஜிபி கைப்பேசியிலோ ஏறக்குறையப் பாதி. குறைந்த விலைக்கு வாங்குபவரே அதிக விகிதத்தில் இழக்கிறார். மாதச் சந்தா கட்டி இணையச் சேமிப்பகத்தில் இடம் வாங்கவும் அவரால் இயலாது.

நம் நாட்டில் பிஸ்கட் பொட்டலத்தில்கூட நிகர எடையை அச்சிட்டாக வேண்டும். உறையின் எடையைச் சேர்க்கக் கூடாது என்பது பொட்டலப் பொருள் விதி. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு எதிராக 2022-இல் மத்திய அரசு வழிகாட்டுநெறிகளையும் வெளியிட்டது. 'பயன்பாட்டுக்கு இவ்வளவு' என்ற இரண்டாவது எண்ணை, முதல் எண்ணின் அதே அளவு எழுத்தில், அட்டையின் முகப்பிலேயே அச்சிடச் சொல்வதில் என்ன தடை? புதுப்பிப்புகளால் அந்த அளவு மாறும் என்பார்கள். விற்கும் நாளின் அளவைச் சொல்லட்டும், போதும்.

சென்ற மாதம் மனைவிக்குக் கைப்பேசி வாங்கப் போனோம். காட்சிக்கு வைத்திருந்ததை எடுத்து, கேமராவைத் தொடாமல், அமைப்புகளில் சேமிப்பகப் பக்கத்தைத் திறந்தேன். விற்பனைப் பையன் வியப்போடு பார்த்தான். அவனும் அதுவரை அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லையாம்.