சேற்றின் எடை

எண்ணெய்க் கிணறு என்றதும் பாறையைக் குடைந்து இறங்கும் துரப்பண முனையே பலர் நினைவுக்கு வரும். துரப்பணப் பொறியியலைப் படிக்க வருபவர்களும் இயந்திரத்தின் வலிமையைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் இந்தத் துறையின் கடினமான பாடம், துளை போடுவதில் இல்லை. போட்ட துளையை அடக்கி வைத்திருப்பதில் இருக்கிறது. பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் நுண்துளைகளுக்குள் நீரும் எண்ணெயும் வாயுவும் பெரும் அழுத்தத்தில் அடைபட்டிருக்கின்றன. துளை அவற்றைத் தொட்ட கணமே மேலே ஏற ஒரு வழி கிடைத்துவிடுகிறது. அந்த வழியை அடைத்து நிற்பது ‘மட்’ எனப்படும் துரப்பணச் சேறு. குழாய் வழியே இறங்கி, முனையைக் குளிர்வித்து, நொறுங்கிய பாறைத் தூளைச் சுமந்துகொண்டு அது மேலே வருகிறது. அதைவிடப் பெரிய வேலையை அது தன் எடையால் செய்கிறது: துளை நிறைய நின்று, கீழே இருப்பதை அங்கேயே அழுத்திப் பிடிக்கிறது. எடை கூட்ட அதில் பாரைட் கனிமத்தின் பொடியைக் கலக்கிறார்கள். ஆந்திராவின் கடப்பா பகுதியிலுள்ள மங்கம்பேட்டையில் வெட்டப்படும் பாரைட்டுக்கு உலகெங்கும் கிராக்கி இருப்பது இதனால்தான்.

அப்படியானால் சேற்றை எவ்வளவு முடியுமோ அவ்வளவு கனமாக்கிவிட்டால் ஆபத்து தீர்ந்ததே என்று தோன்றும். தீராது. பாறைக்கும் ஒரு தாங்கும் எல்லை உண்டு. சேற்றின் அழுத்தம் அதைத் தாண்டினால் பாறை பிளந்து, சேறு பிளவுக்குள் ஓடிவிடும். துளைக்குள் சேற்றின் மட்டம் இறங்கும். கனமாக்கியது எதைத் தடுக்கவோ, அந்த வாயுவே உள்ளே புகுந்துவிடும். கீழ் எல்லையாக நுண்துளை அழுத்தம், மேல் எல்லையாகப் பாறை பிளக்கும் அழுத்தம்: இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் கிணறு பிழைக்கிறது. அந்த இடைவெளி ஆழத்துக்கு ஆழம் மாறுவதால், மேலே பாறை தாங்கும் சேறு கீழே போதாமல் போகும். ஆகவே ஓரளவு துளைத்ததும் எஃகுக் கேசிங்கை இறக்கி, அதன் வெளிப்புறத்தைச் சிமென்ட்டால் அடைத்து, மேல் பாறையை மூடிவிட்டு, சிறிய விட்டத்தில் அடுத்த கட்டத்தைத் துளைக்கிறார்கள். நம்மூர் போர்வெல்லில் கேசிங் பைப் மண் சரியாமல் காக்கும். இங்கே அது அழுத்தத்துக்கு வேலி போடுகிறது. திட்டம் வரையும்போது பொறியாளர் அடியிலிருந்து மேல்நோக்கி வருவார். கடைசிக் குழாய் எவ்வளவு அகலம் வேண்டும் என்று முடிவானால்தான் முதல் குழாயின் அகலம் தெரியும். இடைவெளி குறுகக் குறுகக் கேசிங்குகள் கூடும், துளை சுருங்கும், செலவு ஏறும்.

இந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதை மெக்சிகோ வளைகுடாவின் மக்கொண்டோ கிணறு காட்டியது. அங்கே கடலின் ஆழம் சுமார் 1,500 மீட்டர். கிணற்றின் அடி சுமார் 5,600 மீட்டரில் இருந்தது. அடிப்பகுதியில் இடைவெளி மிகவும் குறுகி, சேறு பாறைக்குள் ஓடத் தொடங்கியதால், திட்டமிட்ட ஆழத்தை எட்டும் முன்பே துளைப்பதை நிறுத்தினார்கள். பாறை மறுபடி பிளந்துவிடக் கூடாது என்று நைட்ரஜன் நுரை கலந்து இலேசாக்கிய சிமென்ட்டை அளவாகச் செலுத்தினார்கள். அந்த அடைப்பு பிடிக்கவில்லை. 2010 ஏப்ரல் 20 அன்று, மேல்பகுதியின் அழுத்தத்தைக் குறைத்து, கீழிருந்து எதுவும் ஏறவில்லை என்று உறுதிசெய்யும் சோதனை நடந்தது. துரப்பணக் குழாயில் 1,400 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டியது; கிணற்றோடு இணைந்த பக்கக் குழாயிலோ ஓட்டமே இல்லை. குழாயின் அழுத்தத்துக்கு வேறொரு காரணம் சொல்லிக்கொண்டு, சோதனை தேறியதாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு கன மீட்டருக்குச் சுமார் 1,700 கிலோ எடையுள்ள சேற்றை எடுத்துவிட்டு, 1,030 கிலோ அளவேயுள்ள கடல்நீரை நிரப்பத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்துக்கு அப்படி மாற்றினால், அடியில் சேறு தரும் அழுத்தம் சுமார் 160 வளிமண்டல அளவு குறையும். வாயு ஏறி வெடித்தது. அந்தக் கிணற்றைத் துளைத்த டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில் 11 பேர் இறந்தார்கள். 87 நாள் கடலுக்குள் எண்ணெய் கொட்டியது.

கிணற்றின் வாயில் பல நூறு டன் எடையில் ‘பிளோஅவுட் பிரிவென்டர்’ என்ற பூட்டு இருக்கும்போது திட்டத்தை இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டுமா என்று கேட்கலாம். அந்தப் பூட்டு மக்கொண்டோவிலும் இருந்தது. துரப்பணக் குழாயை வெட்டித் துளையை மூட வேண்டிய அதன் கத்திகளால், வளைந்து நடுவிலிருந்து விலகி நின்ற குழாயை முழுமையாக வெட்ட முடியவில்லை என்று விசாரணைகள் கண்டன. வாயு ஏற்கெனவே பாய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் வேலை செய்யும்படி அழைக்கப்படும் கருவி அது. அடியில் சிமென்ட்டும் மேலே சேறும் தத்தம் வேலையைச் செய்திருந்தால் அதற்கு வேலையே வந்திருக்காது.

தானியங்கிக் கருவிகள் மனிதப் பிழையை அகற்றிவிடும் என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. உள்ளே போகும் சேற்றையும் வெளியே வரும் சேற்றையும் நொடிக்கு நொடி ஒப்பிட்டு, சிறு மாற்றத்தையும் எச்சரிக்கும் முறைகள் இன்று இருக்கின்றன. குறுகிய இடைவெளியில் துளைக்க அவை பேருதவி. ஆனால் அன்று 1,400 என்ற எண் கண்ணுக்கு முன்னேதான் நின்றது. எந்த எண் வந்தால் வேலையை நிறுத்த வேண்டும் என்பது சோதனைக்கு முன்பே எழுதிவைக்கப்படவில்லை. அந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க விதி எதுவும் அப்போது சொல்லவுமில்லை. 2010 அக்டோபரில் வந்த அவசர விதிகள் அதைக் கட்டாயமாக்கின. கேசிங், சிமென்ட் திட்டங்களில் பதிவுபெற்ற பொறியாளர் ஒருவர் சான்றளித்துக் கையெழுத்திட வேண்டும் என்றும் கேட்டன.